காயாத மலைக்கோட்டை

லூர்துராணிக்கு நன்றி சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் தோற்றேன்.

முதல் முறை, என் வீட்டுக்காரர் பாலமுரளியை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்த அன்று ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனேன். "வாங்கக் கூடாதும்மா, ரூல்ஸ்" என்று பையைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டாள். சேலைதானே தப்பு, இனிப்பு தப்பில்லையே என்று அடுத்த வாரம் செக்கப்புக்குப் போனபோது நெய் மைசூர்பாகு ஒரு பெட்டி கொண்டுபோனேன். அதை என் கண்ணெதிரிலேயே பிரித்து, அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு துண்டை என் வாயிலேயே ஊட்டிவிட்டாள். வாய் நிறைய மைசூர்பாகை வைத்துக்கொண்டு யாரால் நன்றி சொல்ல முடியும்?

புரட்டாசியில் வெறும் காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. அது நிமோனியாவாகி, பாலமுரளியை ஐ.சி.யு.வில் படுக்க வைத்துத் தொண்டைக்குள் குழாய் போடும்வரை போய்விட்டது. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் எனக்கு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. டாக்டர்கள் நடந்துகொண்டே பேசுவார்கள். அவர்கள் சொன்னதில் எனக்குப் புரிந்தது 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்தான். லூர்துராணி அந்த ஐ.சி.யு.வில் நர்ஸ், முசிறிப் பெண். டியூட்டிக்கு வந்து அவரைப் பார்த்ததும் வெளியே வந்து, என் பக்கத்தில் குனிந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவாள். "நேத்தைக்கு இன்னிக்குத் தேவலைம்மா." அல்லது, "இன்னிக்கு அப்படியேதான் இருக்காரு, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டுவேன்.

தீபாவளிக்கு மனிதர் வீட்டில் இருந்தார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நான் மட்டுவார்குழலி. கைலாசபுரத்தில் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இயந்திர பாகங்களுக்குக் கோடு போட்டே காலம் போயிற்று. ஓய்வு பெற்றதும், இனி எனக்குப் பிடித்ததற்குக் கோடு போடலாம் என்று ஆயில் பெயிண்டுக்கு வந்தேன். எல்லாம் சின்னச் சின்னப் படங்கள், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய அட்டையில். பெரிதாகப் போட மாம்பழச்சாலையில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் சுவரும் கிடையாது, எனக்குப் பொறுமையும் கிடையாது. ஸ்ரீரங்கத்து வெள்ளைக் கோபுரம், நத்தர்வலி தர்காவின் குவிமாடம், முக்கொம்பு மதகுகள், டூர் போன இடத்தில் பார்த்த தரங்கம்பாடிக் கோட்டை, ஹம்பியின் கல் ரதம் என்று எங்கள் ஹாலில் ஒரு வரிசை மாட்டியிருக்கிறேன். என் கோபுரங்கள் கொஞ்சம் அதிகமாகவே நேராக நிற்கும். ஆபீஸ் புத்தி போகவில்லை என்பார் இவர்.

இவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவருக்குப் புதிதாக ஒரு பழக்கம். வீட்டில் எது பாதியாக இருந்தாலும் ரொப்பிவிடுவார். தண்ணீர் பாட்டில், உப்பு ஜாடி, சர்க்கரை டப்பா, சாமி விளக்கு, எதுவும் தப்பாது. நான் அரை டம்ளர் காபி குடித்துவிட்டு வைத்திருந்தால், அதிலும் பால் ஊற்றிவிடுவார். வெளியே போகக் கூடாது, மாடி ஏறக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறோம், பாவம், இதையாவது செய்யட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

லூர்துராணி டியூட்டி முடிந்து முசிறி பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவள். எங்கள் வீடு பஸ் போகிற வழி என்பதால் வாரத்தில் ஒரு நாளாவது மாம்பழச்சாலையில் இறங்கி, இவரைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் பிடித்துப் போவாள். யாரும் கேட்டு வந்ததில்லை. மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த, மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் டப்பாவை இவர் கையில் கொடுத்து மூச்சை இழுக்க வைப்பாள். அப்படி வந்த ஒரு நாள், கார்த்திகை பிறந்த சமயம், அயர்லாந்தில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னாள்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் கிளம்பறேம்மா. இங்க வேலைய விடறேன்னு பேப்பர் போட்டாச்சு."

"அப்ப இனிமே ரூல்ஸ் கிடையாதுல்ல?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். ஹாலில் இருந்த படங்களை எப்போதும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். அன்றும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஒண்ணு போட்டுத் தரேன். லூர்து மாதா கோயில் போடட்டுமா? அதோட கூம்பு எனக்கு அத்துப்படி."

"எல்லாரும் எனக்கு மாதா கோயில்தான் குடுக்கறாங்கம்மா, பேரு அப்படி" என்றாள். கொஞ்சம் தயங்கி, "பஸ்ஸு காவிரிப் பாலத்துல ஏறினதும் இடப்பக்க ஜன்னல்ல மலைக்கோட்டை தெரியும்ல? அதப் போட்டுத் தரீங்களா? ஜன்னல் கம்பியோட."

"கம்பி எதுக்கு? மறைக்குமே."

"நான் அப்படித்தான பாத்தேன். டெய்லி காலைல வரப்ப, நேத்து விட்டுட்டுப் போனவங்க எல்லாரும் இன்னிக்கு இருக்கணுமேன்னு அந்த இடத்துலதான் நினைச்சுக்குவேன். கோயில்ல கூட அப்படி வேண்டினதில்ல."

அவள் அப்படி நினைத்துக்கொண்டவர்களில் ஒருவர் சோபாவில் உட்கார்ந்து, மூன்று பந்தையும் மேலே தூக்கிக் காட்டி, "பாத்தியா, பாத்தியா" என்று எங்கள் இருவரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தப் படத்தை இவள் கையில் கொடுக்காமல் விமானம் ஏற விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சேலை போனது போகட்டும், மைசூர்பாகு போனது போகட்டும், இது தப்பக் கூடாது.

மறுநாளே பென்சிலும் அட்டையுமாக டவுன் பஸ்ஸில் ஏறினேன். போனில் எடுத்துக்கொண்டு வந்து போடலாமே என்று கேட்பீர்கள். போனில் எடுத்தால் மலைக்கோட்டை எறும்பாகிவிடுகிறது; கண்ணுக்குத்தான் அது அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பஸ் பாலத்தைக் கடக்கிற நேரத்துக்குள் ஒரு பக்கச் சரிவைத்தான் போட முடியும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்து, மறுபடி ஏறி மறுபக்கச் சரிவு. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்பதால் நான் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, டிக்கெட் ஃப்ரீதான், அதுக்காக இப்படியா? எங்கதான் போகணும் உங்களுக்கு?"

அட்டையைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "உச்சிப் பிள்ளையார் கோயில் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வரணும்" என்று திருத்தம் சொன்னார். பிறகு டிரைவரைப் பார்த்து, "அண்ணே, பாலத்துல கொஞ்சம் மெதுவா போங்க, மேடம் படம் வரையறாங்க" என்று கத்தினார். டிரைவரும் போனார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரனை அலற விட்டன. அந்தப் படத்துக்கு அவர்களும் உபகாரம் செய்தவர்கள்தான்.

வீட்டில் உட்கார்ந்து போடத் தொடங்கினேன். முதல் பூச்சு டர்பெண்டைன் கலந்து தண்ணியாக. அது காய்ந்த பிறகு, அடுத்தடுத்த பூச்சுகளுக்கு லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். காற்றுப் பட்டால் இறுகிவிடுவது அந்த எண்ணெயின் குணம். அதனால்தான் ஆயில் பெயிண்ட் காய்கிறது. மலைக்கோட்டைக்குக் காலை வெயில் படும் பக்கம் மஞ்சளும் மறுபக்கம் ஊதாவும் வைத்தேன். ஆற்றில் தண்ணீர் ஓடியது, அதற்கு நீலமும் சாம்பலும். கடைசியாக, எல்லாவற்றுக்கும் குறுக்கே ஜன்னல் கம்பி இரண்டு. கம்பி போட்டதும் படம் சட்டென்று பஸ்ஸாகிவிட்டது. போட்ட படம் எனக்கே பிடிப்பது அபூர்வம். இது பிடித்தது.

ஆனால் காயவில்லை. வழக்கமாக ஒரு வாரத்தில் விரலில் ஒட்டாது. ஒரு வாரம் போய்த் தொட்டேன், ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. மார்கழிப் பனி என்று நினைத்தேன். ஃபேனுக்குக் கீழே வைத்தேன். மொட்டை மாடி வெயிலில் வைத்துக் காவல் இருந்தேன். ஒரு கொசு வந்து ஆற்றில் விழுந்து செத்ததுதான் மிச்சம். டியூப் பழையதோ, அட்டையில் வெள்ளை பூசியது சரியில்லையோ என்று என்னென்னவோ யோசித்தேன். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க ராத்திரியில் எழுந்துபோயும் தொட்டுப் பார்த்தேன். என் கவலையைப் பார்த்து இவரும், "காஞ்சிருச்சா, காஞ்சிருச்சா" என்று காலையும் மாலையும் கேட்டு உயிரை எடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் குளித்துவிட்டு வருகிறேன். இவர் என் பெயிண்ட் மேஜை முன்னால் நிற்கிறார். ஒரு கையில் என் லின்சீட் பாட்டில். இன்னொரு கையில் சமையலறை எண்ணெய்த் தூக்கு. கண்ணும் கருத்துமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"உன் எண்ணெய் குறைஞ்சு கிடந்துச்சு, குழலி. போன மாசமே ஒரு தடவ ரொப்பினேன். நீ கவனிக்கல போலருக்கு."

நல்லெண்ணெய். மரச்செக்கில் ஆட்டிய சுத்தமான நல்லெண்ணெய். நிறம் அச்சு அசலாக அதேதான். கொரோனா வந்து போனதிலிருந்து என் மூக்கு அரைகுறை. மிச்ச வாசனையையும் டர்பெண்டைன் தின்றுவிடும். மாசக்கணக்கானாலும் நல்லெண்ணெய் எங்கே இறுகும்? மலைக்கோட்டைக்கு நான் எண்ணெய்க் குளியல் நடத்தியிருக்கிறேன்.

மூக்குக்கு மேல் வந்தது கோபம். "உங்களுக்கு அறிவிருக்கா? இட்லிப் பொடிக்கு ஊத்தறதையும் படத்துக்கு ஊத்தறதையும் ஒண்ணா நினைச்சீங்களா? அந்தப் பொண்ணு நாளைக்கு மறுநாள் வரா. நான் எதைக் குடுப்பேன்? இந்த வீட்டுல ஒரு சாமானை அது பாட்டுக்கு வெக்க விடமாட்டீங்களா?" இன்னும் நிறைய சொன்னேன். எதிர் ஃபிளாட் ரோஷன் பேகம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் சாத்திக்கொண்டார்.

இவர் எண்ணெய்த் தூக்கைப் பிடித்தபடியே நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்: "நான் அங்க கிடந்தப்ப எல்லாத்தையும் நீ ஒருத்தியே பாத்த. இனிமே வீட்டுல எதுவும் தீர்ந்துபோச்சுன்னு நீ நிக்கக் கூடாதுன்னு நினைச்சேன்."

இவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இதே ஹாலுக்குத் துணி மாற்ற மட்டும் வருவேன். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். எண்ணெய்த் தூக்கில் எண்ணெய் குறையாது. யாரும் எதையும் இடம் மாற்றவில்லையே என்று நின்று அழுதிருக்கிறேன். இப்போது திட்டுவதற்கு எதிரில் ஆள் நிற்கிறது, தப்புச் செய்துவிட்டு, கையெல்லாம் எண்ணெயாக. இந்த வரத்துக்கு எந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டேனோ அந்தச் சாமி இப்போது என்னைப் பார்த்தால் என்ன நினைக்கும்?

"தூக்கை உள்ள வெச்சிட்டு வாங்க. காபி போடறேன்" என்றேன்.

புதிதாகப் போட நேரமில்லை. நல்ல எண்ணெயில் போட்டாலும் இரண்டு நாளில் காயாது. ஈரத்தோடுதான் கொடுத்தாக வேண்டும். வெளியில் உட்கார்ந்து வரைகிறவர்கள் ஈரப் படத்தை எதுவும் மேலே படாதபடி பெட்டிக்குள் வைத்துத்தான் கொண்டுபோவார்கள். என்னிடம் அகலமான சப்பாத்தி டப்பா ஒன்று இருந்தது. அட்டையின் முதுகை அதன் அடியில் ஒட்டிவிட்டால், மூடி மேலே படாது. கொசுவை ஊசியால் எடுத்துவிட்டு ஆற்றைச் சரி செய்தேன். அயர்லாந்து போய்ச் சேர்ந்த பிறகு மாதக்கணக்கில் தொடாமல் வை என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான். காயாத படத்தைக் கொடுத்து நன்றி என்று சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் லூர்துராணி கேக்கோடு வந்தாள். விடியற்காலை விமானம். படத்தை மேஜைமேல் நிறுத்தி வைத்திருந்தேன். அவள் கிட்டே போய் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, பஸ் சீட்டில் உட்கார்ந்தால் தெரிகிற மாதிரி கீழிருந்து பார்த்தாள். அது போதும் எனக்கு. நல்லெண்ணெய்க் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். டப்பாவை எடுக்க நான் சமையலறைக்குப் போனேன்.

டப்பாவோடு திரும்பி வந்தால், இவர் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். மலைக்கோட்டைக்குக் கீழே, ஆற்றின் நட்ட நடுவில், ஒரு விரலின் தடம். ரேகை முதற்கொண்டு பதிந்திருக்கிறது.

"இன்னிக்காவது காஞ்சிருக்குமான்னு…" என்று இழுத்தார்.

"என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ரோஷன் பேகம் வீட்டுக் கதவு மறுபடி திறந்திருக்கும். கவனிக்கவில்லை. பிரஷ்ஷைத் தேடினேன். நல்ல வேளை, தட்டில் நீலம் மிச்சமிருந்தது, ஒரே இழுப்பில் மூடிவிடலாம். பிரஷ்ஷை அட்டையருகே கொண்டுபோனேன். லூர்துராணி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இருங்கம்மா. சார், எந்த விரலு? காட்டுங்க."

இவர் வலது ஆள்காட்டி விரலை நீட்டினார். நுனியில் நீலமும் சாம்பலும்.

"இதேதான்" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவள் இப்போது சிரிக்கவில்லை. "ஆக்ஸிஜன் பாக்கறதுக்கு க்ளிப் மாட்டுவோம்லம்மா, அது இந்த விரல்லதான் இருந்துச்சு. ஒரு நாள் சாருக்கு பிரஷர் ரொம்ப இறங்கிருச்சு. கையெல்லாம் ஐஸா போயி, மிஷின்ல நம்பரே வரல. டாக்டரு ஊசி ஏத்திட்டு இருக்காரு. நான் இந்த விரல என் ரெண்டு கைக்குள்ள வெச்சுத் தேச்சுக்கிட்டே இருந்தேன், சூடு வந்தா நம்பர் வந்துருமேன்னு. அன்னிக்கு நான் வெளிய வந்து உங்களப் பாக்கவே இல்ல. என்ன சொல்றதுன்னு தெரியல."

லீவு போட்டிருக்கிறாள் என்று நினைத்த நாள் ஒன்று எனக்கு நினைவு வந்தது. அன்று நான் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு நர்ஸின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு உள்ளே இது நடந்திருக்கிறது.

"அன்னிக்கு நான் எவ்ளோ அழுத்தினாலும் இந்த விரலு திருப்பி ஒரு துளி கூட அழுத்தல" என்றாள். "இப்ப பாருங்க, எப்படிப் பதிஞ்சிருக்கு. இத அழிக்காதீங்கம்மா. எனக்கு இதோடயே குடுங்க."

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அவள் இரண்டு கைகளையும் பிடித்து என் கண்களில் ஒற்றிக்கொண்டேன். "ஐயோ, என்னம்மா இது, நான் சின்னப் பொண்ணு" என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. அவளும் பிறகு இழுக்கவில்லை.

படத்தை டப்பாவுக்குள் ஒட்டி, மூடி, துணியால் சுற்றிக் கொடுத்தேன். ஏர்போர்ட்டில் கேட்டால் சப்பாத்தி என்று சொல்லிவிடாதே, திறந்து காட்டு என்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். முசிறி பஸ் வந்தது. மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, "போயிட்டு வரேம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்தால், இவர் அதே இடத்தில் உட்கார்ந்து விரலை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சோபாவில் பட்டால் அதற்கும் திட்டுவேன் என்ற பயம். டர்பெண்டைன் தொட்ட துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரலைத் துடைத்துவிட்டேன். பெயிண்ட் போன பிறகும் நான் கையை எடுக்கவில்லை. விரல் நல்ல சூடாக இருந்தது.